தோணிக் காக்காவின் குடி

ஒருவனுக்கு அவன் தாயின் குடியே குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது. கல்முனைப் பக்கத்தில் தாய்வழி வம்சத்துக்குக் குடி என்று பெயர். எங்கள் தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. இந்த விதிக்குச் சுற்றறிக்கை கிடையாது. அதனால்தான் எல்லோரும் மதித்து நடந்தார்கள்.

எல்லாக் குடிக்கும் சொந்தக்காரராக உலகத்தில் ஒரே மனிதர்தான் இருந்தார். நான் கிளார்க்காக இருந்த அரசாங்கக் கந்தோர் வாசலில் தேத்தண்ணி விற்ற தோணிக் காக்கா; அண்ணனை முஸ்லிம்கள் காக்கா என்பார்கள். ஏதோவொரு பெருவெள்ளம் வடிந்த காலையில், வயல் நடுவே தரைதட்டிய தோணிக்குள் கைக்குழந்தையாகக் கிடந்தவராம். பெற்ற உம்மா யாரென்று ஊருக்குத் தெரியாது. ஆனால் கனவில் உம்மா வருவார். வந்து குடியைச் சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் வேறு குடி.

“சேர், இண்டைக்கு நான் லெவ்வை குடி.”

“நேத்து ஓடாவி குடியெண்டீங்களே?”

“உம்மா வெள்ளத்துக்குள்ளால வாறவ சேர். வழி மாறுந்தானே?”

எந்தக் குடியார் கந்தூரி விருந்து கொடுத்தாலும் முதல் பந்தியில் அவர் இருப்பார். யாரும் எழுப்பியதில்லை. ஒரே சிக்கல்: எல்லாக் குடியிலும் உம்மா இருந்ததால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தங்கச்சிகள் ஆனார்கள். ஐம்பது வயதாகியும் கல்யாணமில்லை.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. சுனாமி அகதி முகாமில், யாரோ கொடுத்த மெஷினில் சட்டை தைத்துக்கொண்டிருந்த சீனத்தும்மாவைக் கண்டார். அவருடைய கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. காக்கா தினமும் தேத்தண்ணி கொண்டுபோனார். ஒரு வருடம் கழித்துப் பெண் கேட்டார்.

சீனத்தும்மாவின் தம்பி மறித்தார். “குடி தெரியாம எப்பிடிக் குடுக்கிற? ஒரே குடியா இரிந்தா?”

“உம்மாக்கிட்டக் கேட்டுச் சொல்றன்.”

“கனவு வேணா காக்கா. அத்தாட்சி கொண்டு வாங்க.”

அத்தாட்சி என்றால் என் துறை. லண்டனில் ஆய்வுகூடமொன்றில் வேலை பார்த்த என் மருமகன் வழி சொன்னான்: இரண்டு பேரின் கன்னத்து உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்பினால், தாய்வழி ஒன்றா வேறா என்று டிஎன்ஏ பார்த்துச் சொல்லலாமாம். முதலில் அனுப்பிய காக்காவின் குச்சியில் வெற்றிலைச் சாறு மட்டுமே இருந்தது. இரண்டாம் தடவை அனுப்பியது போர்க் கெடுபிடியில் தபாலோடு தொலைந்தது. மூன்றாவதற்கு நான் நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக எழுதினேன்.

சீனத்தும்மாவின் உத்தரவு வேறு. “மறுமொழி வருமட்டும் என்னைத் தங்கச்சி எண்டும் கூப்பிடாதீங்க, பேர் சொல்லியும் கூப்பிடாதீங்க.”

ஆகவே காக்கா வேலிக்கு வெளியே நின்று இருமுவார். சீனி போதுமா என்று இருமலிலேயே கேட்கப் பழகிவிட்டார். அந்த நாட்களில் உம்மா கனவில் வந்தாலும் குடியைச் சொல்வதில்லையாம். முழங்கால் தண்ணீரில் நின்று சிரிப்பாராம்.

பதிலை நான்தான் வாசித்தேன். “ரெண்டு பேரும் ஒரே தாய்வழி இல்லையாம் காக்கா.”

“உம்மா ஆரெண்டு போட்டிரிக்கா சேர்?”

“இல்ல. அது அவங்களுக்கும் தெரியாதாம்.”

கடல் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பறவால்ல. தங்கச்சியில்லாத ஒரு ஆளாவது கிடைச்சிட்டா.”

அன்று பொழுதுபட்டதும் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாருக்கு விரித்த பாயில் எந்தக் குடி உட்காருவதென்று யாருக்கும் விளங்கவில்லை. காரைதீவுத் தமிழனான நான் போய் உட்கார்ந்தேன். பதிலும் நிக்காஹும் ஒன்றாக வந்த அந்த நாள், போர் முடிந்த வருடத்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள்.