மெசின் கொத்திய தோட்டம்

வெங்காயத் தரையை மண்வெட்டியால் கொத்துவது நாகரிக உலகுக்கு ஒவ்வாத செயல் என்று அரசாங்க விவசாயக் கந்தோரில் தீர்மானிக்கப்பட்ட வருடம், சுன்னாகம் ஸ்டேசனில் ஒரு கொத்து மெசின் வந்து இறங்கியது. இரண்டு சில்லு, இரண்டு கைப்பிடி, வயிற்றுக்குக் கீழே சுழலும் கத்திகள். அதை ஊராருக்கு ஓட்டிக் காட்டும் பெரும் பொறுப்பு விவசாயப் போதனாசிரியர் ஆழ்வாப்பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. கந்தோரில் சைக்கிள் ஓடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகவே தமக்கு எல்லாம் தெரியும் என்று காட்டவேண்டியிருந்தது.

வெங்காயம் செய்யும் ஏரம்பரின் தோட்டத்தில் சனம் கூடியது. ஆழ்வாப்பிள்ளை கோட்டும் சரிகைச் சால்வையுமாக வந்து விதிகளை உரக்க வாசித்தார்.

"தரையிலே கல் இருக்கலாகாது. முதல் ஓட்டத்திலே கத்தியை ஆழமாக இறக்கலாகாது. ஓட்டுபவர் தொங்கும் உடுப்பு அணியலாகாது."

"அப்ப சால்வை?" என்று கேட்டாள் ஏரம்பரின் மனைவி கனகாம்பிகை.

"அந்த விதி ஓட்டுறவனுக்கு, தங்கச்சி. நான் உத்தியோகத்தன்."

கத்தியை அடிமட்டும் இறக்கி, மெசினை முடுக்கும் கயிற்றை இழுத்தார். செம்மண்ணுக்குள் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் கத்தி பட்டதும் மெசின் ஒரு துள்ளுத் துள்ளி, கொத்துவதை விட்டு ஓடத் தொடங்கியது.

"கைப்பிடியை விடுங்கோ ஐயா!" என்று கத்தினார் ஏரம்பர்.

அரசாங்கச் சொத்தைக் கைவிடலாமா? சால்வை நுனி கத்தியில் சுற்றியது. மெசின் அவரைக் கும்பிடவைத்தபடியே பக்கத்துக் கத்தரிப் பாத்தியூடாக இழுத்துப்போய், வேலியில் மோதி நின்றது. சால்வை கிழிந்ததால் கழுத்துத் தப்பியது.

ஆழ்வாப்பிள்ளை மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "இப்படி ஓட்டக்கூடாது என்பதே இன்றைய பாடம்" என்றார். சனம் கை தட்டியது.

வெள்ளிக்கிழமை கந்தோர்ப் பெரிய துரை மெசின் ஓடுவதைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்ததும் அவர் ஏரம்பரிடம் ஓடினார்.

"ஏரம்பண்ணை, கல்லெல்லாம் எடுக்கவேணும்."

"எடுக்கிறதெண்டால் கொத்தவேணும்."

"கொத்துவம்."

"முழுத் தோட்டத்தையுமோ?"

"மெசின் முழுத் தோட்டத்திலயும் அல்லோ ஓடவேணும்?"

ஏரம்பர் யோசித்தார். "கொத்தினாப் பிறகு மெசின் என்னத்துக்கு?"

"கொத்துறதுக்கு."

துரை தன் தோட்டத்துக்கு வருவதை நினைத்து ஏரம்பர் மண்வெட்டியை எடுத்தார். ஆள் போதாமல் ஆழ்வாப்பிள்ளையும் கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். உள்ளங்கை கொப்பளித்தபோது, உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு தாம் செய்த முதல் வேலை இதுதான் என்று அவருக்கே தோன்றியது. கொத்தி, கல்லெடுத்து, கொத்தாத தரைபோல மட்டப்படுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை ஆழ்வாப்பிள்ளை சால்வையில்லாமல், கத்தியை மேலாக வைத்து, கைப்பிடியை இறுக்காமல் பிடித்தார். மெசின் வெண்ணெயில் போவதுபோலப் போனது. துரை ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

"மண்வெட்டியால் இப்படிச் செய்ய முடியுமா?"

"ஏலாது ஐயா" என்றார் ஏரம்பர், இடுப்பைப் பிடித்தபடி.

உத்தியோகம் அவ்விடத்திலேயே நிரந்தரமானது. ஆழ்வாப்பிள்ளைக்கோ சோறு இறங்கவில்லை. அன்று பின்னேரமே வாசிகசாலையில் சனத்தைக் கூட்டி, உண்மையைப் போட்டுடைத்தார்.

"தோட்டத்தைக் கொத்தினது மெசின் இல்லை. நாங்கள்தான் மண்வெட்டியாலை கொத்தினனாங்கள்."

ஒருவரும் திடுக்கிடவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் முருகேசு எழும்பினார்.

"அது தெரியும் ஐயா. வேலி ஓட்டைக்குள்ளாலை பார்த்துக்கொண்டுதானே நிண்டனாங்கள். என்ரை தோட்டமும் கொத்தியாச்சு. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகினம். அதுக்கு முந்தி மெசினை ஒருக்கா ஓடவிடவேணும். மெசின் ஓடின தோட்டமெண்டால் ஒரு மதிப்புத்தானே."

பின்னால் இன்னும் பல கைகள் உயர்ந்தன. எல்லாம் கொப்பளித்த கைகள்.

ஆழ்வாப்பிள்ளை உயர்ந்த கைகளை எண்ணினார்.

"சனிக்கிழமை வாறன். நல்லா ஆழமாய்க் கொத்தினனீங்களோ?"