விமானிக்குப் போட்ட மாலை

ஈமெயிலை முழுசாகப் படிக்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. முதல் இரண்டு வரி போதும், மீதி நமக்கே தெரியும் என்கிற ரகம். அந்தத் திமிருக்குக் கிடைத்த கூலிதான் இது.

எட்டு வருடங்களுக்கு முன், சான்டா கிளாராவில் என் மேனேஜர் கேரன். என் கிரீன் கார்டு மனுவில் அவர் கையெழுத்துப் போடவேண்டிய நேரம். கேரனுடைய அப்பாவுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்பே, யாரும் கூப்பிடாமல் பிரான்சுக்குக் கப்பலேறியவர். முதலில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அப்புறம் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்து, மரச்சட்டத்தில் துணி போர்த்திய விமானத்தில் பறந்தார். இரண்டு முறை விழுந்து பிழைத்தார். மூன்றாம் முறை மேகத்துக்குள் போனவர் திரும்பவில்லை. வயது இருபத்துநான்கு. (எனக்கு அந்த வயதில் டூவீலர் ஓட்டவே பயம்.)

அவர் கடைசியாக விட்டுப்போன தோல் ஜாக்கெட்டை லிவர்மோர் பக்கம் ஒரு சின்ன மியூசியத்துக்கு அந்தக் குடும்பம் கொடுக்கப்போகிறது, நீயும் நாலு வார்த்தை பேசு என்றார் கேரன். விவரமெல்லாம் ஈமெயிலில் அனுப்பினார். நீளமான ஈமெயில்.

"சைன் போடப்போற லேடி. வெறுங்கையோட போய் நிக்காதீங்க. போற வழியிலதானே கோயில், ஒரு மாலை வாங்கிக்கலாம்," என்றாள் என் மனைவி சுதா.

மியூசியத்தில், மேஜையில் ஜாக்கெட். பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படம்: அதே ஜாக்கெட், விமானிக் கண்ணாடி, இளம் முகம். படத்துக்கு மாலையைப் போட்டேன். சுதா விடுவாளா, நெற்றியில் குங்குமமும் வைத்தாள். மைக்கைப் பிடித்ததும் எனக்குள் இருந்த கல்லூரிப் பேச்சாளன் விழித்துக்கொண்டான், சனியன். "இந்தக் கண்களைப் பாருங்கள். மரணத்தைப் பார்த்த கண்கள்," என்றேன்.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த கேரனின் அப்பா வால்ட்டர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"அது நான். காலேஜில் படிக்கும்போது பெரியப்பா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எடுத்தது." (ஈமெயிலின் மூன்றாம் பத்தியில் கேரன் எழுதியிருந்தாராம்.)

அப்போதும் சமாளித்திருக்கலாம். "பூ எதற்கு?" என்று கேட்டார் வால்ட்டர். விருந்தினருக்கு மரியாதை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் எட்டு வயது மகள் நிலா, வீட்டில் எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குகிறவள், அன்று பார்த்து நம் பண்பாட்டை விளக்கப் புறப்பட்டாள்.

"இட்ஸ் வாட் வி டூ ஃபார் டெட் பீப்பிள்."

கேரன் என்னைப் பார்த்தார். நான் பெட்டி கட்டி ஈரோட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன், மனசுக்குள். சுதா, மாலை யோசனையே தன்னுடையது இல்லை என்பதுபோல் சுவரைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை; யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வால்ட்டர் மாலையைக் கொண்டுவரச் சொல்லித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். "பேச்சை நிறுத்தாதே. நான் போனபிறகு இதைக் கேட்க எனக்கு வாய்ப்பில்லை," என்றார். எழுதிக்கொண்டுவந்ததில் மீதி இரண்டு பக்கத்தையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

கேரன் கையெழுத்துப் போட்டார். கிரீன் கார்டு இன்னும் வரிசையில் நிற்கிறது. வீட்டில் நான் யாருக்கு மாலை வாங்கினாலும், "அப்பா, டிட் யூ செக்?" என்கிறாள் நிலா.

வால்ட்டருக்கு இப்போது தொண்ணூற்றுநான்கு வயது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், காய்ந்து நாராகிப்போன அந்த மாலையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து எனக்கு ஈமெயில் அனுப்புகிறார். நான் முழுசாகப் படிக்கிற ஒரே ஈமெயில் அதுதான். இரண்டே வரி:

"நான் இன்னும் இருக்கிறேன். உன் கார்டு வந்ததா?"