சிவப்புக் குடை வம்சம்

சொந்த வம்சத்தின் பெருமையை ஒருவன் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர்கள் உடனே அவன் வாயைப் பொத்திவிட வேண்டும். என் வாயைப் பொத்த ஆளில்லாமல் ஒரு கல்யாணம் நின்றுபோனது. என்னுடைய கல்யாணம்.

எங்கள் குடும்பத்துப் பட்டப்பெயர் செங்குடையார். பீளமேட்டில் எங்கள் வீடு, சித்தப்பா வீடு. இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் கிடையாது. அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போன கொள்ளுத்தாத்தா, யாரோ மறந்துவிட்டுப் போன சிவப்புக் குடையைப் பிடித்தபடி ஊர் திரும்பினாராம். பெயர் வந்த வரலாறு அவ்வளவுதான். (பேசாமல் வெயிலில் நடந்து வந்திருக்கலாம் மனுஷன்.)

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தேன். அந்த அந்தியூர்ப் பக்கமே பெண் பார்க்கப் போனோம். இரண்டு குடும்பமும் வேறு வேறு குலம் என்று முன்பே விசாரித்தாயிற்று. பெண் பாவாத்தாள், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பாதான் இழுத்தார்.

"ஏனுங்க, செங்குடையாருன்னு ஒரு பேரு நாங்க கேட்டதே இல்லீங்களே. உங்க ஆளுக அத்தனை கொஞ்சமுங்களா?"

என் அப்பா பதில் சொல்வதற்குள் பி.ஏ. முந்திக்கொண்டது.

"கொஞ்சமுங்களா? அந்தக் காலத்து ராஜா எங்க முன்னோருக்குச் செவப்புக் கொடை குடுத்தாருங்க. பவானி ஆத்தங்கரை பூரா எங்க ஆளுகதான், பேருதான் மாறிப்போச்சு. எந்த ஊட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குச் செவப்புக் கொடை புடிக்கறாங்களோ, அவங்கெல்லாம் எங்க பங்காளிங்க!"

பாவாத்தாளின் அப்பா துள்ளி எழுந்தார். "எங்க ஊட்டுலயும் செவப்புக் கொடைதானுங்க!"

"பாத்தீங்களா! அப்ப நீங்களும் ராஜ வம்சந்தானுங்க!" என்று முழங்கினேன்.

கைதட்டலை எதிர்பார்த்துச் சுற்றிலும் பார்த்தேன். அப்பா மெதுவாகக் கேட்டார்: "பங்காளி ஊட்டுப் பொண்ணு உனக்கு என்ன முறை ஆகுமடா?"

தங்கச்சி முறை.

"அத்தனையும் பொய்யுங்க! சந்தையில கெடந்த கொடைங்க அது!" என்று கெஞ்சினேன். காலில் விழாத குறை.

பெண்ணின் அப்பாவோ அதற்குள் முதுகை நிமிர்த்திக்கொண்டு வேறு மாதிரி உட்கார்ந்திருந்தார். "தம்பி, மாப்பிள்ளை ஆயிரம் பேரு கெடைப்பாங்க. ராஜ வம்சம் கெடைக்குமுங்களா?" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அம்மணி, அண்ணனுக்கு இன்னும் ரெண்டு கச்சாயம் வெய்யி!"

பாவாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தாள். அன்று நான் அழாமல் வீடு திரும்பியது பெரிய காரியம். அவள் கல்யாணத்துக்கு அண்ணன் முறைக்குச் சீர் கொண்டுபோனேன். அவள் பிள்ளைகளுக்கெல்லாம் தாய்மாமனாக என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அந்தப் பக்கம் இப்போது செங்குடையார் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகள் ஒரு தெரு நிறைய இருக்கின்றன.

எனக்கும் பிறகு பெண் கிடைத்தது. (குடும்ப வரலாறு பேசுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை அழைத்துப் போனார்கள்.) போன மாதம் எங்கள் பையனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா, "உங்க பட்டப்பேரு புதுசா இருக்குதுங்களே?" என்று கேட்டதும் தொண்டையைச் செருமினேன். என் மனைவி ஒரு முழுக் கச்சாயத்தை எடுத்து என் வாயில் அடைத்துவிட்டு அவரிடம் சொன்னாள்:

"இவரு மென்னு முடிக்கறதுக்குள்ள வெத்தலை பாக்கு மாத்திப்போடலாமுங்க."