மூன்று முறை கூப்பிட்ட மனிதர்

ஓசூர் தாலுகாவில் அந்தக் காலத்தில் அவர் கூப்பிட்டு எழுந்திருக்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. செத்துப்போனவர்களைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவர்களிலும் ஓரிருவர் புரண்டு படுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தாலுகா ஆபீஸில் அவர் டவாலி. தோளில் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. விசாரணைக்கு வந்தவர்களை வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பது அவர் வேலை. எங்கள் எல்லைப் பக்கத்தில் முகத்தைப் பார்த்து இவர் தமிழா, தெலுங்கா, கன்னடமா என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பெயரையும் மூன்று பாஷையிலும் கூப்பிடுவார். "வரலாம்!" "ராவாலி!" "பர்பேக்கு!" கூப்பிடப்பட்டவர் "ஆஜர்" என்று சொல்லிவிட்டால் அதிகாரி அவரைக் கேட்டே ஆக வேண்டும். அதுதான் வழக்கம். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. ஊருக்கே அவர் கூப்பாட்டுக்காரர்.

நான் அங்கே புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. வாசலை ஒட்டி நாற்காலி போட்டார்கள். என் இடது காது மந்தமானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒருமுறை குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவர் மனைவி நாகம்மா கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். மனிதர் நடுச்சந்தையில் நின்று மூன்று முறை கூப்பிட்டார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து மாட்டு விலை பேசிக்கொண்டிருந்த தரகர்கள் எல்லாரும் திடுக்கிட்டுக் கையை விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பாதிச் சந்தை முதலிலிருந்து பேரத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

அவருக்கும் ஓய்வு வந்தது. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கஜானாவுக்கு நேரில் போய்த் தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள். இவர் வாசலில் நின்று தன் பெயரையே மூன்று பாஷையில் கூப்பிட்டு, உள்ளே ஓடிப்போய், "ஆஜர்!" என்றார். கஜானா அதிகாரி மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார். அதன்பின் அவர் உயிரோடிருப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாகம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. புருஷன் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கண் வேண்டியதில்லை; அவர்கள் குடியிருந்த மூக்கண்டப்பள்ளி முழுக்க அது தெரியும். ஆனால் அடுப்பு சத்தம் போடுமா? களி கிளறும்போது கையைச் சுட்டுக்கொண்டாள். புண் முழங்கை வரை போயிற்று. அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதர் பாதிக் குரலில்தான் பேசினார்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் எப்போதாவது வருவார். ஆபரேஷனுக்குப் படுக்கைகள் கொஞ்சம். அவற்றில் சிலவற்றை சர்க்கார் ஊழியர் குடும்பங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். இவர் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கம்பவுண்டர் நல்ல மனிதர்தான்.

"வேலையில இருக்கறவங்களுக்குத்தாங்க அது. நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே."

"நான் ரிட்டையர் ஆனேன், சரி. என் பொஞ்சாதி கண்ணு எப்ப ரிட்டையர் ஆச்சு?"

"ரூல்ஸ் அப்படிங்க."

மறுநாள் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். "தம்பி, உசுரோட இருக்கறேன்னு காட்டறதுக்கு மட்டும் நான் சர்க்கார் ஆளாம். உசுரோட இருக்கறதுக்கு மருந்து கேட்டா வெளியாளாம். இது என்னா நாயம்?"

சர்க்காருக்கே பதில் தெரியாதபோது குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் ஜமாபந்தி. கலெக்டர் வந்து தாலுகாவின் நிலக்கணக்கைப் பார்த்து ஜனங்களின் மனுக்களைக் கேட்கும் நாள். பந்தல், தோரணம், அஞ்செட்டி மலையிலிருந்து முந்தின நாளே நடந்து வந்த கூட்டம். புது டவாலிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவன் கூப்பிட்டது முதல் வரிசைக்கே எட்டவில்லை. தாசில்தார் வியர்த்துப்போய், "கூப்பாட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாய்யா!" என்று என்னை விரட்டினார். எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மனிதர் பழைய பட்டையைப் போட்டுக்கொண்டு பந்தல் காலடியில் தயாராக நின்றிருந்தார்.

அன்று அவர் கூப்பிட்டது பாட்டுக் கச்சேரிதான். ஆட்கள் மளமளவென்று வந்தார்கள், போனார்கள். கலெக்டருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. கடைசி மனு முடிந்து அவர் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் மறுபடியும் குரல் எழும்பிற்று.

"ரிட்டையர் டவாலி சம்சாரம் நாகம்மா! வரலாம்! ராவாலி! பர்பேக்கு!"

நான் மனுக்கட்டைப் புரட்டினேன். அப்படி ஒரு மனுவே இல்லை. பந்தல் ஓரத்தில் நின்ற வண்டியடியிலிருந்து, சுட்ட கையில் கட்டோடு நாகம்மா எழுந்து நின்று, "ஆஜர்!" என்றாள். குரலில் புருஷனுக்குச் சளைத்தவளில்லை.

"மனு எங்கே?" என்றார் கலெக்டர்.

"மனு இல்லீங்க தொரை. ஆளுதான் இருக்குது. வருசா வருசம் சர்க்காரு எங்ககிட்ட ஆளத்தான பாக்குது? இன்னிக்கும் ஆளையே பாக்கட்டுங்க" என்றார் கூப்பாட்டுக்காரர்.

அப்போது பின்னாலிருந்து ஓய்வு பெற்ற ரோடு மேஸ்திரி ஒருவர், யாரும் கூப்பிடாமலே, "நானும் ஆஜருங்க! மூட்டுவலி!" என்றார். "ஆஜர்! ஆஸ்துமா!" என்றார் பழைய தபால்காரர். நாலா பக்கமும் நரைத்த தலைகள் எழுந்தன. தாசில்தார் என்னை முறைத்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

கலெக்டர் முதலில் சிரித்தார். பிறகு நாகம்மாவின் கையைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. ஜமாபந்திக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் திரும்பி, "படுக்கை காலி இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்றார் டாக்டர். "இந்த அம்மாவுக்குக் கொடுங்கள். மற்றவர்களையும் ஊழியர் வரிசையிலேயே பாருங்கள். மேலே நான் பேசிக்கொள்கிறேன்."

பந்தல் அதிர்ந்தது. கூப்பாட்டுக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்துமாக்காரரும் தூக்கினார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆபரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் வார்டில் உரக்கப் பேசக் கூடாது. அந்த மனிதர் நாள் முழுவதும் மனைவி காதருகே குசுகுசுவென்று பேசியதை நானே பார்த்தேன். கட்டு அவிழ்த்த அன்று நாகம்மா அவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னாங்க, மீசையெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு? குரலுல தெரியவே இல்லியே!"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.

இப்போது நானும் பென்ஷன்காரன். ஓய்வு பெற்றவர்களின் வைத்தியத்துக்கென்று திட்டம், அட்டை எல்லாம் வந்துவிட்டன. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அங்குள்ள நர்ஸ் பெண் என் பெயரை மெதுவாக, ஒரே ஒரு தடவை கூப்பிடுவாள். நல்ல காதில் அது விழத்தான் செய்கிறது. ஆனாலும், இன்னும் இரண்டு பாஷை பாக்கி இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கிறேன்.