பூகம்பம் அக்காவின் கீபோர்டு

வில்லியனூரில் புலிக்குப் பயப்படாதவர்கூட இருக்கலாம். பூகம்பம் அக்காவின் கீபோர்டுக்குப் பயப்படாதவர் கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் கடையில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். அவர் அடிக்க ஆரம்பித்தால் என் மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும். பெயர் அப்படி வந்ததுதான்.

ஓனர் ஒருநாள் ஆசையாக ஒயர் இல்லாத மவுஸ் வாங்கி வந்தார். அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"வாலில்லாத எலிய நான் தொடமாட்டேன். எடுத்துக்கினு போங்க."

ஓனர் அப்படியே எடுத்துக்கொண்டு போனார். சம்பளம் கொடுப்பவருக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்!

கீபோர்டு விஷயம் இன்னும் மோசம். எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாகிப்போன பழைய கருப்புக் கீபோர்டு. அக்கா குனிந்தே பார்க்காமல் அடிப்பார். வேறு யாராவது தொட்டால் தொலைந்தார்கள்.

போன ஆயுத பூஜைக்கு அக்கா லீவு. எனக்குச் சனி பிடித்தது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எழுத்துக் கட்டைகளையெல்லாம் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்தேன். எழுத்தே இல்லாத கட்டையை எங்கே மாட்டினால் என்ன?

மறுபடி கடை திறந்த அன்று அக்கா பொட்டைப் பார்த்துச் சிரித்தார். அப்பாடா, தலை தப்பியது. பிறகு அடித்தார். திரையில் வாயில் நுழையாத எழுத்துகள். அழித்துவிட்டு அடித்தார். மறுபடியும் அதே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவரிசையில் இரண்டு கட்டைகளில் சின்னதாக மேடு இருக்கும். அதைத் தடவித்தான் பார்க்காமல் அடிப்பவர்கள் விரல் வைப்பார்கள். அந்த இரண்டையும் நான் ஒரு கட்டை தள்ளி மாட்டித் தொலைத்திருக்கிறேன்! செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அக்கா கத்தவில்லை. வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார்.

"இன்னாடி இது... எங்கப்பாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது. எனக்குக் கை வுழுந்துடுச்சிடி. இத வச்சித்தான்டி வூட்டுல ரெண்டு புள்ளைங்க சாப்புடுதுங்க."

ஐயோ!

"கை இல்லக்கா, நான்தான்க்கா! கட்டைய மாத்தி மாட்டிட்டேன்!" கத்தியே விட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அப்ப கை நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குதுக்கா."

அந்தக் கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தார் பாருங்கள், சுளீரென்று வலித்தது. பலம் கொஞ்சமும் குறையவில்லை என்று தெரிந்ததும், அக்காவை முந்திக்கொண்டு எனக்குத்தான் அழுகை வந்தது.