சித்திரை வெயிலில் காயாத சுவர்

காலையில் வந்ததும் வராததுமாக அம்மாவாசை மேஸ்திரி கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மறுபடியும் நனைந்திருந்தது.

சித்திரை வெயில் முத்தியால்பேட்டையில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, இந்த ஒரு சுவர் மட்டும் யாரைக் கேட்டு நனைகிறது?

"என்னா மேஸ்திரி, காஞ்சுதா?" என்று கேட்டபடி வந்தார் வீட்டுக்காரர் கிளோத். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அதனால் எல்லோருக்கும் அவர் ஐயா இல்லை, 'முசே'.

"இல்ல முசே. நேத்து நான் கிளம்பறப்போ காஞ்சாப்ல இருந்துது. விடிஞ்சா இப்படி!"

"பரவால்ல, பரவால்ல. நிதானமா பாரு."

அவர் மனைவி ஜிஸ்லேன் காபியோடு வந்தார். "அவசரப்பட்டு அரைகுறையா செஞ்சிடாதப்பா," என்றார்.

இவ்வளவு தங்கமான மனிதர்களை அம்மாவாசை தம் தொழிலில் கண்டதில்லை. மற்ற வீடுகளில் வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் ஏச்சுதான் கிடைக்கும். இங்கே காபி கிடைத்தது. அதனாலேயே வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சுவரில் ஈரமென்றால் அம்மாவாசையைக் கூப்பிடு என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சுக்கே இந்தச் சுவர் வேட்டு வைத்துக்கொண்டிருந்தது.

பாரீசில் இருக்கும் மகன் மாக்சிம், பெற்றோரைத் தன்னோடு அழைத்துக்கொள்ள எல்லாம் தயார் செய்துவிட்டான். வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பிடித்தாயிற்று. ஆனால், ஈரச் சுவரில் பூசணம் பிடிக்கும், அந்தக் காற்று குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது, காய்ந்த பிறகுதான் குடிவருவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சுவர் காய்ந்தால்தான் பயணம்.

"இத மட்டும் முடிச்சுக் குடுங்க மேஸ்திரி. என் சிநேகிதங்க வீட்டு வேலையெல்லாம் உங்களுக்குத்தான்," என்று மாக்சிம் போனில் சொல்லியிருந்தான். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. அம்மாவாசைக்கு அது சொல்லாமலே புரிந்தது.

முதல் சந்தேகம் மொட்டைமாடி மேல். தட்டோட்டைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பதித்தார். சுவர் நனைந்தது.

அடுத்த சந்தேகம் சுவரின் கோடியில் ஒட்டியிருந்த குளியலறைக் குழாய் மேல். குழாயைப் பிடுங்கினார். கிளோத்தும் ஜிஸ்லேனும் கொல்லைப்புறத்தில் கீற்றுத் தடுப்புக்குள் குளிக்க வேண்டியதாயிற்று. சுவர் அப்போதும் நனைந்தது.

பூச்சில்தான் உப்புப் பிடித்திருக்கிறது என்று இடுப்பு உயரத்துக்குக் கொத்தி உதிர்த்தார். வெறும் செங்கல் வெளியே தெரிந்ததும் ஈரம் இன்னும் மேலே ஏறியது.

பழி கடைசியில் பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் மேல் விழுந்தது. அவர் பூந்தொட்டிகளைச் சுவரோரமாக வைத்திருந்தார்.

"தொட்டிய நவுத்துங்கம்மா, தண்ணி இந்தப் பக்கம் எறங்குது," என்றார் அம்மாவாசை.

"என் பக்கத்துச் சுவத்த வந்து தொட்டுப் பாருய்யா! அப்பளம் காய வைக்கலாம். வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எதுக்கு என் மல்லிச்செடி மேல பழி போடற?"

தொட்டுப் பார்த்தார். சுட்டது. "வேல தெரியலன்னா" என்ற சொல் அதைவிடச் சுட்டது. அன்றைக்கு அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மாக்சிம் போனில் ஒரு யோசனை சொன்னான். "காத்து படட்டும் மேஸ்திரி. ஜன்னலெல்லாம் தொறந்து ஃபேன் போடுங்க."

வீட்டிலிருந்த மேசை விசிறி, நிற்கும் விசிறி, அம்மாவாசை தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த விசிறி எல்லாம் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்று இரவு பகலாகச் சுற்றின. சுவருக்கு இருந்த சுகம் வீட்டுக்காரர்களுக்கு இல்லை. பனையோலை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஃபியூஸ் போயிற்று. வைத்திக்குப்பத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய வஞ்சிரம் ஃபிரிட்ஜிலேயே நாறியது.

"மீன் கெடக்குது வுடுப்பா. நீ மனசு தளராத," என்றார் ஜிஸ்லேன்.

அம்மாவாசைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் புண்ணியவதியை மகனிடம் அனுப்பி வைக்காமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டினார். எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்? அதைக் கண்டுபிடிக்காமல் தூக்கமும் வராது போலிருந்தது.

மறுநாள் மேல்தொட்டியில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தார். குழாய்த் தண்ணீர்தான் கசிகிறதென்றால் சுவர் நீலமாகத்தானே ஆக வேண்டும்!

விடிந்ததும் ஓடி வந்தார். கதவைத் திறந்த கிளோத்தின் வெள்ளை மீசை நீலமாக இருந்தது. கொடியில் கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டை நீலமாக ஆடியது. சுவர் மட்டும் நன்றாக நனைந்து, ஒரு துளி நீலம் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"மன்னிச்சிக்குங்க முசே," என்று கைகூப்பினார்.

"மீச போனா வளந்துக்கும். மேல என்னா செய்யலாம், அதச் சொல்லு," என்றார் கிளோத்.

அம்மாவாசை தலையைச் சொறிந்தார். மாடியில்லை, குழாயில்லை, அண்டை வீடில்லை. மிச்சமிருப்பது பூமிதான்.

"அடியில ஊத்து இருக்கு முசே. கடல் பக்கமாச்சே! அஸ்திவாரத்தத் தோண்டிப் பாக்கணும்."

"எவ்ளோ நாளாவும்?"

"மழைக்காலத்துக்குள்ள முடிச்சாலே பெரிசு."

கிளோத்தின் முகம் மலர்ந்தது. ஜிஸ்லேனின் முகமும் மலர்ந்தது. பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அவசரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

"பாவம் மாக்சிம்," என்றார் ஜிஸ்லேன்.

"என்னா செய்யறது, தோண்டித்தான் ஆவணும்," என்றார் கிளோத். இருவரும் மகனுக்குப் போன் செய்ய உள்ளே போனார்கள்.

அம்மாவாசை கடப்பாறையை ஓங்கிச் சுவரடியில் ஒரு குத்துக் குத்தினார். மேலே பூசியிருந்த காரை பொலபொலவென்று கொட்டியது. ஒரு செங்கல் அசைந்தது. இரண்டாவது குத்துக்கு ஓங்கினார்.

அதே சுவரோரமாகக் கொல்லைத் தாழ்வாரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரத் தையல்நாயகி, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு பதறி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மேஸ்திரி, சுவத்த என் தலையில தள்ளிடாத! அம்மா நீ வர்றதுக்கு முன்ன தெருக்குழாயில புடிச்ச குடிக்கிற தண்ணிப் பானையிலேருந்து மொண்டு மொண்டு சுவத்துல ஊத்தறாங்க, நீ போனப்புறம் ஐயா அதே பானையிலேருந்து ஊத்தறாரு, 'எனக்குப் பாரீசு போவ மனசில்ல, ஆனா அவங்களுக்கு மவன்கிட்ட போவணும்னு கொள்ளை ஆச, பாவம், சொல்லிடாதடி'ன்னு ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க!"