கொத்தணி மையத்தில் குளிர்வாயு

பிரபஞ்சத்தின் தலையாய புதிர்களில் ஒன்று முல்லைத்தீவுக் கரையில், எங்கள் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டோடு தீர்த்துவைக்கப்பட்டது என்பதை உலகுக்கு அறிவிப்பதில் பெருமை அடைகிறேன். நான் அந்த அலுவலகத்தின் ஊடக இணைப்பாளர். பெருமை அடைவதுதான் என் உத்தியோகம்.

அலுவலகத்தின் பெயர் 'கரையோரக் கொத்தணி மையம்'. சில மீனவக் கிராமங்களைச் சேர்த்தால் அது கொத்தணி. நடுவில் ஒரு பணிப்பாளரை இருத்தினால் அது மையம். எங்கள் பணிப்பாளர் திரு. கிருசாந்தன். கட்டடத்தின் பின்பக்கம் மீன் வைப்பதற்குக் குளிரறை ஒன்றும் உண்டு. அதில் குளிர் மட்டும்தான் இல்லை. குளிரூட்டும் காஸ் கசிந்துபோய் மாதக்கணக்காகிறது.

கடலோரக் களப்பில் இறால் பிடித்து விற்கும் சூசையம்மா நாள் தவறாமல் வந்து கேட்பார்.

"தம்பி, அறை எப்ப குளிரும்? லொறி பின்னேரம்தான் வருது. அதுக்குள்ள இறால் பழுதாப்போனா நான் எங்க போறது?"

"மேலிடத்துக்கு அறிவிச்சிருக்கிறம் அம்மா" என்பேன். மேலிடம் என்பது எங்கள் மாடி.

அந்த வேளையில்தான் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது: 'விண்வெளி வாரத்தை முன்னிட்டு, பேரடைக் கொத்தணிகளின் மையத்தில் குளிர்வாயு உருவாகும் விதம் குறித்து விரிவுரை நடத்துக.' பேரடை என்றால் வானத்து நட்சத்திர மண்டலம்; பாடசாலைகளுக்கு எழுதியது. கொத்தணி, மையம் என்ற இரண்டு சொற்களையும் கண்ட யாரோ ஒரு புண்ணியவான் எங்களுக்கு அனுப்பிவிட்டார்.

பணிப்பாளர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "பாத்தீரே! எங்கட காஸ் பிரச்சினை கொழும்பு வரைக்கும் போயிட்டுது!"

"சேர், பேரடை எண்டு போட்டிருக்கு..."

"எங்கட ஊர் ஆறு, பேராற்றைத்தான் பிழையா அடிச்சிருக்கினம். விரிவுரைக்கு ஆளைப் பிடியும்!"

யாழ்ப்பாணத்திலிருந்து விரிவுரையாளர் நிறஞ்சனா வருவதாக ஏற்பாடாயிற்று. அன்று காலை அதிசயமாக வவுனியாவிலிருந்து குளிரறைக்கான காஸ் சிலிண்டரும் வந்து இறங்கியது. செய்தி கேட்டு, பிளாஸ்டிக் பேசின் நிறைய இறாலோடு சூசையம்மா சிரித்தபடி வந்து சேர்ந்தார். அதே நேரத்தில் மாடி மண்டபத்து ஏசி குளிரவில்லை என்பதைப் பணிப்பாளர் கண்டுபிடித்தார்.

"வாற விருந்தாளி வேர்க்கலாமோ?" என்று கேட்டார். சிலிண்டர் மாடி ஏறியது. அலுவலக மொழியில் இதற்குத் 'தற்காலிக இடமாற்றம்' என்று பெயர்.

விரிவுரை அருமை.

"கொத்தணியின்ர நடுவில இருக்கிற வாயு கோடிக்கணக்கான பாகை சூடு" என்றார் நிறஞ்சனா. "மையத்தில ஒரு கருந்துளை இருக்கு. அது சூட்டைக் கக்கி, வாயுவைத் தூக்கி எறியுது. அப்பிடி மேல போனதில கொஞ்சம் குளிர்ந்து, நூல் நூலாத் திரண்டு, மழை மாதிரித் திரும்ப விழும்."

முன்வரிசையில் பணிப்பாளர் குளிருக்குச் சுகமாகக் கண்ணயர்ந்திருந்தார். வாசலில் பேசினோடு நின்ற சூசையம்மா குரல் கொடுத்தார்.

"பிள்ளை, அந்தக் குளிர் கடைசியில ஆருக்குப் போகுது?"

"கனக்க அந்தக் கருந்துளைதான் விழுங்கும், அம்மா."

"வெளியில நிக்கிறவைக்கு?"

"வெளியில சூடுதான்."

"அப்ப இஞ்சத்தை மாதிரித்தான்" என்றவர், விறுவிறென்று உள்ளே வந்து பேசினை ஏசிக்கு நேர்கீழே வைத்தார். "என்ர இறாலும் கொஞ்சம் குளிரட்டும்."

மணத்துக்குப் பணிப்பாளர் விழித்துவிட்டார். "அம்மா, இது விஞ்ஞான மண்டபம்! வெளியால கொண்டுபோங்கோ!"

வெயிலுக்குப் போன இறால் லொறி வரும்வரை தாங்காது, கறிக்குத் தாங்கும். எனவே மையமே பெரிய மனது பண்ணி, விருந்தினரின் மதியச் சாப்பாட்டுக்கென அவ்வளவையும் கால் விலைக்கு வாங்கிக்கொண்டது. சூசையம்மா வெறும் பேசினைக் கவிழ்த்துத் தட்டினார்.

"குளிராது எண்டு விடியவே சொல்லியிருந்தா, களப்புக் கரையிலயே நல்ல விலைக்கு வித்திருப்பனே தம்பி" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. நான் சாப்பிடப் போனேன்.

சாப்பாட்டு மேசையில் நிறஞ்சனா சொன்னார்: "கருந்துளையை நேர பாக்க ஏலாது. சுத்தியிருக்கிறதெல்லாம் எங்க போய் விழுகுது எண்டு பாத்துத்தான் அது இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறம்."

நானும் பார்த்தேன். காஸ் போய் விழுந்த இடம், குளிர் போய் விழுந்த இடம், சூசையம்மாவின் இறால் மூன்றாவது தடவையாகப் பணிப்பாளரின் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்துகொண்டிருந்த இடம்.

கருந்துளையை உலகம் தொலைநோக்கி வைத்துத் தேடுகிறது. எங்கள் மையத்தில் அதற்குப் பெயர்ப்பலகையே இருக்கிறது.